வண்டி நின்ற பின் இரங்கவும்

ஜனவரி 12

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமா? இங்கே நாங்கள் இருவரும் நலம். என் வலது முட்டி மட்டும் நலமில்லை, அது என்றைக்கு நலமாக இருந்தது? வழக்கம்போல ஒற்றெழுத்தை எல்லாம் விட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், நீயே போட்டுக்கொண்டு படி. புரூஃப் பார்க்கிற மனிதரோடு முப்பத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியும் எங்கே க் வரும், எங்கே ப் வரும் என்று எனக்கு தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பா போன மாத கடைசியில் ஓய்வு பெற்றார். அச்சகத்தில் மாலை போட்டு பாராட்டு மடல் வாசித்து கொடுத்தார்கள். வாங்கியவர் மேடையிலேயே சட்டைப்பையிலிருந்து சிவப்பு பென்சிலை எடுத்து அதில் இரண்டு பிழையை வட்டம் போட்டார். என் மானம் போயிற்று. மறுநாள் காலை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், பயண ஏற்பாடு செய்கிற அலுவலகத்துக்கு போய் பத்து நாள் கப்பல் பயணத்துக்கு பெயர் கொடுத்துவிட்டு வந்தார். தெருமுனை தாண்டி காய்கறி வாங்க வராத மனிதர்! காய்ச்சலோ என்று நெற்றியை தொட்டுக்கூட பார்த்தேன்.

பிறகு அட்டவணையை பிரித்தேன். ஐந்தாம் நாள், ஏப்ரல் இரண்டாம் தேதி, கப்பல் உங்கள் ஊரில் நிற்கிறது. காலை எட்டு மணிக்கு கரை இறங்கலாம், மாலை நாலு மணிக்கு புறப்பாடு. அவர் இதை கவனித்தாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஒன்பது வருஷத்துக்கு பிறகு எட்டு மணி நேரம் கிடைத்திருக்கிறது. உன்னை பார்க்க நான் வருவது உறுதி. அவரையும் கொண்டுவந்து உன் முன்னால் நிறுத்தாமல் விட மாட்டேன். இந்த வீட்டில் பிடிவாதம் உங்கள் இரண்டு பேருக்கு மட்டும் பட்டா போட்டு கொடுத்ததில்லை.

போன் அவர் நாற்காலியை ஒட்டியே இருக்கிறது, அதனால் கடிதம்தான் நமக்கு. பதிலை பக்கத்து வீட்டு தையல்காரம்மா விலாசத்துக்கு போடு. உடம்பை பார்த்துக்கொள்.

உன் அம்மா

*

ஜனவரி 25

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நலம். உன் நலத்தைக் கேட்டால் முட்டிக் கதை இரண்டு பக்கம் வரும் என்று தெரிந்தே கேட்கிறேன், எப்படி இருக்கிறாய்? தைலம் தேய்க்கிறாயா, இல்லை அலமாரிக்குக் காட்டிக்கொண்டிருக்கிறாயா? இவர் உன்னை ரொம்ப விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

கடிதத்தைப் படித்து முடித்ததும் கத்திவிட்டேன். எதிர் வீட்டு ஜன்னல் திறந்துகொண்டது. மெதுவாகப் பேசவே வராது என்றுதானே அப்பா எனக்குக் 'கொட்டை எழுத்து' என்று பெயர் வைத்தார்!

நீ வா அம்மா. எட்டு மணிக்குத் துறைமுக வாசலில் நிற்பேன். கப்பலிலிருந்து பார்த்தாலே எங்கள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். மலைச்சரிவில் படிப்படியாக வெள்ளை வீடுகள், உச்சியில் கலங்கரை விளக்கம், அங்கே ஏறுகிற இழுவை வண்டி. வண்டிகள் இரண்டு, இழுக்கிற இரும்புக் கயிறு ஒன்று. ஒரு வண்டி ஏறினால்தான் மற்றது இறங்கும். அதில் ஒரு வண்டிக்குள் நின்று கதவு திறந்து மூடுவதுதான் உன் மாப்பிள்ளைக்கு வேலை. வண்டி கிளம்புகிற இடத்துக்குக் கீழே, சரிவில் மூன்றாவது வீடு நம்முடையது.

ஆனால் அப்பாவை இழுத்துக்கொண்டு வராதே. என்னைப் பெண் கேட்டு இவர் எழுதிய கடிதத்தை அப்பா என்ன செய்தார் என்று உனக்கு மறந்திருக்காது. பதினேழு வட்டம் போட்டுக் கூடத்து மேசையில் வைத்தார். "ஒரு பக்கத்துல பதினேழு பிழை விடறவனுக்கா என் பொண்ணு?" என்றார். பிழையே இல்லாதவரை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நானும் வாசல் தாண்டினேன். சரி, கோபத்தில் சொன்னது. அதற்குப் பிறகும் ஆசையை விடாமல் கல்யாணப் பத்திரிகை அனுப்பினேனே, அதற்கு என்ன வந்தது? பத்திரிகையே திரும்பி வந்தது. 'திருமணத்திற்க்கு' என்பதில் ஒரு வட்டம். 'வருகைத் தந்து' என்பதில் ஒரு வட்டம். 'நட்ப்பும்' என்பதில் ஒரு வட்டம். மூன்று பிழை, மூன்று வட்டம். வாழ்த்து இல்லை, திட்டுகூட இல்லை. புரூஃப் பார்த்தே வளர்ந்தவள் தன் பத்திரிகையைப் பார்க்காமல் விட்டது தப்புத்தான். அதற்காக இப்படியா?

அவராகக் கப்பலை விட்டு இறங்கி வந்தால் பேசுகிறேன். நீ தள்ளிக்கொண்டு வந்தால் பேச மாட்டேன்.

அன்புடன்,
உன் மகள்

*

பிப்ரவரி 6

அன்புள்ள மகளுக்கு,

இங்கு நலம். மாப்பிள்ளைக்கு என் ஆசி. முட்டிக்குத் தைலம் தேய்க்கிறேன், நாற்றம் தாங்காமல் உன் அப்பாதான் ஜன்னலைத் திறக்கிறார்.

தள்ளக் கூடாது என்கிறாய். சரி, தள்ளவில்லை. தூண்டில் போடலாம் இல்லையா? நேற்றுச் சாப்பிடும்போது, அந்த ஊர்க் கலங்கரை விளக்கத்தில் ஒரு பழைய கல்வெட்டு இருக்கிறதாம், அதில் ஏகப்பட்ட பிழையாம் என்று சும்மா சொல்லி வைத்தேன். "கல்லுல சிவப்பு பென்சில் எழுதாது" என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார். கல்வெட்டும் கிடையாது ஒன்றும் கிடையாது, நானாக விட்ட சரடு. அடுத்த தடவை மாப்பிள்ளையின் இழுவை வண்டியைப் பற்றிச் சொல்லிப் பார்க்கிறேன்.

உன்னிடம் இத்தனை நாள் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீயும் அவரும் செய்தித்தாளைப் பங்கு போட்டுக்கொண்டு யார் அதிகப் பிழை பிடிக்கிறீர்கள் என்று சண்டை போடுவீர்களே, ஞாபகம் இருக்கிறதா? உன் பங்கு இரண்டாம் பக்கம். இன்றைக்கும் அவர் இரண்டாம் பக்கத்தைப் படிப்பதில்லை. அதை மட்டும் உருவி, மடித்து, உன் நாற்காலியில் வைத்துவிடுகிறார். உட்கார முடியாதபடி உயர்ந்தால் நான் எடுத்துப் பரண்மேல் வைக்கிறேன். ஒன்பது வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

உன்னைப் பார்க்கப் போகிறேன் என்று நினைத்தாலே எனக்குக் கை வேலை ஓடவில்லை. இந்தக் கடிதத்தை அரிசி டின்னுக்கு அடியில் ஒளித்திருக்கிறேன். தையல்காரம்மா நாளை வந்து வாங்கிப் போவாள்.

உன் அம்மா

*

பிப்ரவரி 17

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம், நலமே விழைகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. நின்றுகொண்டு படித்தால் முட்டி தாங்காது.

முதல் கடிதத்தில் 'உன்னை பார்க்க' என்றுதான் எழுதியிருந்தாய். இந்தக் கடிதத்தில் 'உன்னைப் பார்க்க' என்று இருக்கிறது. 'உன்னை' உன் நீல மை. 'பார்க்க' உன் நீல மை. நடுவில் இருக்கிற ப் சிவப்புப் பென்சில்.

கடிதம் முழுக்க இப்படித்தான். ஒன்று விடாமல் எண்ணிப் பார்த்தேன், பதினேழு இடம். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கூரைக் குறி. விட்டுப்போனதைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சின்ன வீட்டுக் கூரை போல ஒன்று போடுவாரே, அச்சகத்தில் எல்லாரும் அதைக் கூரைக் குறி என்பார்களே, அதேதான்.

அரிசி டின்னுக்கு அடியில் ஒளித்தாயாம்! அவர் கடிதத்தை எடுத்திருக்கிறார், படித்திருக்கிறார், உன்மேல் கோபப்படாமல் ஒற்றை மட்டும் சேர்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்திருக்கிறார். இரண்டாம் பக்கம், பரண் என்று அவரைப் பற்றியே நீ எழுதிய வரிகளிலும் பிழை திருத்தியிருக்கிறார். எழுதிய விஷயத்தில் கை வைக்கவில்லை.

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. அந்த ப்-ஐ இவரிடம் காட்டிவிட்டு அழுதேன். இவர் பாவம், ஓர் எழுத்துக்கு எதற்கு அழுகிறாள் என்று புரியாமல் டீ போட்டுக் கொடுத்தார்.

உன் மகள்

*

பிப்ரவரி 28

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் நலம். அதிலும் உன் அப்பா ரொம்ப நலம், திருட்டுத்தனம் செய்கிறவர்களுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கும்.

உன் கடிதத்தைத் தையல்காரம்மா வீட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்து படித்தேன். சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. நேரே போய்க் கேட்டுவிடலாம் என்று எழுந்தேன். அந்த அம்மாள்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "கேட்டீங்கன்னா படிக்கறதை நிறுத்திடுவார். படிக்கட்டும், விடுங்க" என்றாள். அதுவும் சரிதான். அவரோடு பேச ஒன்பது வருஷமாக வழி தேடினோம். வழி அரிசி டின்னுக்கு அடியில் இருந்திருக்கிறது.

அதனால் இனிமேல் ஒளிக்கப் போவதில்லை. ஒளிப்பதுபோல் வைக்கப் போகிறேன். இந்தக் கடிதத்தை டின்னுக்கு அடியில், முனை கொஞ்சம் வெளியே தெரியும்படி வைப்பேன். அவருக்காகவே ஒரு வரி எழுதுகிறேன். நீ நன்றாகப் பார்த்து, அதில் அவர் என்ன செய்திருக்கிறார் என்று எனக்கு எழுது. நான் அனுப்பும் முன் பார்க்க மாட்டேன், பார்த்தால் என் முகமே காட்டிக் கொடுத்துவிடும்.

வரி இதுதான்:

உன் அப்பா உன்னைப் பார்க்க வர மாட்டார்.

அவ்வளவுதான். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அம்மா

*

மார்ச் 10

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீ நலமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள்.

அந்த வரியில் ஒற்று மட்டும் சேர்த்திருக்கிறார். ஒரு சொல்லைக்கூட அடிக்கவில்லை. ஆனால் வரிக்கு நேராக, தாளின் ஓரத்தில், ஒரு கேள்விக்குறி இருக்கிறது.

உனக்கு இதன் அர்த்தம் தெரியாது. அச்சகத்தில் பிழையை வட்டம் போடுவார்கள், விட்டதைக் கூரை போட்டுச் சேர்ப்பார்கள். ஓரத்தில் கேள்விக்குறி போட்டால் அது பிழை அல்ல. "எழுத்து சரி. சொன்ன விஷயம் உண்மையா என்று சந்தேகம். எழுதியவரைக் கேட்டுச் சரிபார்க்கவும்" என்று அர்த்தம்.

நீ வர மாட்டார் என்று எழுதினாய். அவர் சந்தேகம் என்கிறார்!

இதற்குமேல் நான் முறைத்துக்கொண்டு உட்கார மாட்டேன். ஏப்ரல் இரண்டாம் தேதி லீவு சொல்லிவிட்டேன். நான் வேலை செய்யும் சின்ன அச்சகத்தின் முதலாளி, "அப்பாவைப் பார்க்க ஒருநாள் போதுமா?" என்றார். எட்டு மணி நேரம்தான் இருக்கிறது என்றேன். அப்பா இறங்கினால் இரண்டு பேருக்கும் சாப்பாடு. இறங்காவிட்டால் கப்பல் படிக்கட்டின் அடியில் நின்று கொட்டை எழுத்தில் கூப்பிடுவேன். கப்பல் முழுக்கக் கேட்கட்டும்.

உன் மகள்

*

மார்ச் 22

அன்புள்ள மகளுக்கு,

நலம். இன்னும் பதினோரு நாளில் உன் வீட்டில் இருப்பேன் என்பதை நானே நம்பவில்லை. அவர் பெட்டி கட்டிவிட்டார். நாலு சட்டை, கண்ணாடி, மூன்று சிவப்புப் பென்சில். கப்பலில் எதைத் திருத்தப் போகிறீர்கள் என்று கேட்டேன். "தேவைப்படும்" என்றார்.

நான் இறங்கும்போது அவர் என் பக்கத்தில் இருப்பார். இருக்க வைப்பேன்.

உன் அம்மா

*

ஏப்ரல் 4, கப்பலில்

அன்புள்ள மகளுக்கு,

உன்னை கட்டிக்கொண்ட கை இன்னும் சூடு ஆறவில்லை. அதற்குள் பழையபடி கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ நலமாக இருக்கிறாயா? அன்றைக்கு ஓடினாயே, விழாமல் போய் சேர்ந்தாயா?

காலையில் நடந்ததை உன்னிடம் அரைகுறையாகத்தான் சொன்னேன். எட்டு மணிக்கு எல்லாரும் வரிசையில் நிற்கிறோம். உன் அப்பா தலை வாரி, சட்டை மாட்டி, பென்சிலை பையில் செருகி தயாராகத்தான் வந்தார். இறங்கும் பலகையின் வாய்க்கு வந்ததும் நின்றுவிட்டார். "முட்டி வலிக்குது. நீ போயிட்டு வா" என்றார். முட்டி வலி எனக்கு! என் வலியை கடன் வாங்கி சொல்கிறார். பின்னால் நின்றவர்கள் நகர சொன்னார்கள். கையை பிடித்து இழுத்தேன், அசையவில்லை. அழுதுகொண்டேதான் இறங்கினேன். கீழே நீ நின்றிருந்தாய். என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று நீ எட்டி பார்த்ததை நான் பார்த்தேன். அந்த பார்வையை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

உன் வீட்டை பார்த்தேன், உன் கையால் சாப்பிட்டேன், அது போதும் என்று மனதை தேற்றிக்கொண்டிருந்தபோதுதானே மாப்பிள்ளையின் போன் வந்தது. "உங்க அப்பா என் வண்டியில ஏறி மேல வந்திருக்கார்" என்று. நீ செருப்புகூட மாட்டாமல் ஓடினாய். இந்த முட்டியை வைத்துக்கொண்டு மலை ஏற முடியாது என்று என்னை துறைமுகத்துக்கு வண்டி ஏற்றிவிட்டாய். நான் வந்து கப்பல் தட்டில் நின்று கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு பத்து நிமிஷம். பலகையை எடுக்க ஆள் வந்துவிட்டான். அப்போது ஓடி வந்தார் உன் அப்பா. அறுபது வயதுக்கு மேல் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. ஏறி வந்து "தண்ணி" என்றார்.

அன்று முதல் வாயே திறக்கவில்லை. நேற்று சாப்பாட்டு அட்டையில் வரிக்கு வரி பிழை, எனக்கே தெரிந்தது. அவர் பென்சிலை எடுக்கவில்லை. அவளை பார்த்தீர்களா என்று கேட்டேன். கடலை பார்த்து திரும்பிக்கொண்டார்.

என்ன நடந்தது? பார்த்தாயா? பேசினீர்களா? மறுபடியும் சண்டையா? எதுவானாலும் மறைக்காமல் எழுது. நான் விடுவதாக இல்லை.

உன் அம்மா

*

ஏப்ரல் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

கால் கட்டைவிரலில் ஒரு சின்னக் காயம், மற்றபடி நலம். உன் கடிதத்தில் ஓர் ஒற்றுகூட இல்லை. எங்கேயும் சிவப்பு இல்லை. அப்பா அதைத் தொடவே இல்லை என்று தெரிந்ததும் பயந்துவிட்டேன். அதனால்தான் பதிலுக்கு இத்தனை நாள்.

மேலே நடந்ததை இவர் சொன்னபடியே எழுதுகிறேன். அன்று மத்தியானம் ஒரு பெரியவர் இழுவை வண்டிக்கு வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் விலகிப் போயிருக்கிறார். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. ஐந்தாவது தடவை ஏறிவிட்டார். இவருக்கு அப்பாவின் முகம் தெரியாது, அப்பாவுக்கும் இவர் முகம் தெரியாது. பாதி வழியில் திரும்பிப் பார்த்தால், கதவுக்கு மேலே இருக்கிற பலகையில் பெரியவர் சிவப்புப் பென்சிலால் எழுதிக்கொண்டிருக்கிறார். அது இவர் கைப்பட எழுதிய பலகை. 'கதவில் சாயாதிர்கள். வன்டி நின்ற பின் இரங்கவும்.' இவருக்கு ஆள் யார் என்று தெரிந்துவிட்டதாம். இந்த உலகத்தில் ஓடுகிற வண்டியில் நின்று அறிவிப்புப் பலகையைத் திருத்துகிற ஆள் வேறு யார் இருக்க முடியும்?

"இதை எழுதினது யாரு?" என்று அப்பா கேட்டாராம்.

"நான்தாங்க."

அப்பா பலகையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். அந்தக் கையெழுத்தை அவர் மறக்கவில்லை அம்மா. "அன்னைக்குப் பதினேழு. இப்போ மூணுதான். பரவாயில்ல, தேறிட்டீங்க" என்றார்.

மேல் நிலையத்தில் இறங்கியதும் இவர் ஓடிப்போய் நமக்குப் போன் செய்துவிட்டு, அவரிடம் வந்தார். அப்பா, "அவ எங்கே?" என்றார்.

"கீழே வீட்டுல இருந்தா. இப்போ மேல வந்துக்கிட்டிருப்பா. நீங்க இங்கேயே நில்லுங்க, தவறிடும்."

"ஒன்பது வருஷம் நின்ன இடத்துலயே நின்னாச்சு. இனிமே நிக்க முடியாது. நான் இறங்கறேன்" என்று சொல்லிவிட்டு, கிளம்புகிற இவர் வண்டியிலேயே மறுபடி ஏறிவிட்டார். அடுத்தவர் சொல்லி அவர் என்றைக்குக் கேட்டார்?

அதே நிமிஷம் நான் கீழே மற்ற வண்டியில் ஏறினேன். ஒரே கயிறு அம்மா. நான் ஏறினால் அவர் இறங்கியே ஆக வேண்டும். ஒருத்தர், யாராவது ஒருத்தர், நின்ற இடத்தில் நின்றிருந்தால் போதும்.

நடுவழியில் இரண்டு வண்டிகளும் ஒன்றை ஒன்று தாண்டும். அங்கேதான் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா. முடி முழுக்க நரைத்துவிட்டது. நான் கத்தினேன், கண்ணாடியைத் தட்டினேன். அவர் இரண்டு கையையும் உயர்த்தி விரல் நுனிகளைச் சேர்த்தார், உள்ளங்கைகள் சேரவில்லை. என் பக்கத்தில் இருந்த அம்மாள் தனக்கு வணக்கம் சொல்கிறார் என்று நினைத்துப் பதில் வணக்கம் போட்டாள். அது வணக்கம் இல்லை. கூரைக் குறி. நாலைந்து நொடிதான். தாண்டிவிட்டோம்.

கீழே போனதும் அப்பா மறுபடி மேலே வரத்தான் திரும்பியிருக்கிறார். அப்போது கப்பல் ஊதியது. "கப்பல் போனா போகட்டும். ஆனா அவ அங்கே தனியா இருப்பா" என்று இவரிடம் உன்னைச் சொல்லிவிட்டுத்தான் ஓடினாராம். கோபத்தில் போகவில்லை அம்மா, உனக்காகப் போனார்.

அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். இதோடு வருகிறது. ஒளிக்க வேண்டாம், கையில் கொடு.

உன் மகள்

*

ஏப்ரல் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். அன்றைக்கு ஓடியதில் மூச்சிரைப்பு ஏதும் வந்துவிடவில்லையே? மாத்திரைகளை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

நீங்கள் கண்ணாடியில் காட்டிய குறி எனக்குப் புரிந்தது. எங்கே, எதைச் சேர்க்க வேண்டும் என்பதுதான் புரியவில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியின் அடியிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்தேன். நீங்கள் திருப்பி அனுப்பிய நாளில் மூன்று வட்டத்தை எண்ணிவிட்டு மடித்துப் போட்டது, அதற்குப் பிறகு பிரிக்கவே இல்லை. இப்போது ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, நீங்கள் கற்றுக்கொடுத்ததுபோல ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தேன்.

மடிப்புக்குள், அம்மாவின் பெயருக்கு முன்னால், ஒரு கூரைக் குறி இருக்கிறது. எறும்பு அளவு.

அந்த இடத்தில் உங்கள் பெயர் வந்திருக்க வேண்டும். கோபத்தில் நான் எடுத்துவிட்டேன். விட்டுப்போயிருக்கிறது, சேர்க்கவும் என்று நீங்கள் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். நான் மூன்று எண்ணினேன், இருந்தது நான்கு. ஒன்பது வருஷம் நீங்கள் பதிலுக்குக் காத்திருந்தீர்கள், நான் உங்கள் பதில் வரவில்லை என்று காத்திருந்தேன். அப்பா, என்னை மன்னித்துவிடுங்கள்.

நேற்று எங்கள் அச்சகத்தில் பத்திரிகையைப் புதிதாகக் கோத்து ஒரே ஒரு படி எடுத்தேன். நான்கு திருத்தமும் செய்திருக்கிறேன். உங்கள் பெயர் அம்மாவின் பெயருக்கு முன்னால் இருக்கிறது. புரூஃப் இத்துடன் உள்ளது. பார்த்து அனுப்புங்கள்.

இன்னொரு சந்தேகம். இவருடைய பலகையில் 'சாயாதீர்கள்' என்று திருத்தியிருக்கிறீர்கள், 'வண்டி' என்று திருத்தியிருக்கிறீர்கள். 'இறங்கவும்' என்பதற்கு இவர் சின்ன ர போட்டு 'இரங்கவும்' என்று எழுதியது அப்படியே இருக்கிறது. மூன்று பிழை என்று நீங்களே சொன்னதாக இவர் சொல்கிறார். திருத்தியது இரண்டுதான். உங்களுக்குப் பிழை தப்பாதே அப்பா, டாக்டரிடம் கண்ணைக் காட்டினீர்களா?

உங்கள் மகள்

*

மே 6

அன்புள்ள மகளுக்கு,

எல்லாரும் நலம், பயப்படாதே. பதில் ஏன் வரவில்லை என்று நீ நகம் கடித்துக்கொண்டிருப்பாய், அதற்காகத்தான் இந்தக் கார்டு. பதினோரு நாளாக உன் அப்பா மேசையை விட்டு எழவில்லை. எழுதுகிறார், கிழிக்கிறார். அடுத்தவர் எழுதியதைத் திருத்தியே பழகியவருக்குச் சொந்தமாக ஒரு பக்கம் எழுத இந்தப் பாடு.

பயண அலுவலகத்துப் பையன் கப்பல் கணக்கை முடிக்கக் கையெழுத்து வாங்க வந்திருந்தான். "மூணு கப்பல் காட்டினேன்மா. ஐயா வேற எதையும் கேக்கல, எந்தக் கப்பல் அந்த ஊர்ல நிக்கும்னு மட்டும்தான் கேட்டார்" என்றான். அவனுக்குக் காபி கொடுத்தேன்.

இந்தக் கார்டை ஒளிக்கவில்லை. "இதைக் கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்று நானே அவர் கையில் கொடுத்தேன். சிவப்பை எண்ணிக்கொள்.

உன் அம்மா

*

மே 11

கொட்டை எழுத்துக்கு,

அப்பா எழுதுவது. நலமாக இருக்கிறேன், மூச்சிரைப்பு இல்லை. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். உன் கட்டைவிரல் காயம் ஆறியதா?

புரூஃப் வந்தது. மூன்று முறை பார்த்தேன், கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்து வரை பின்னோக்கி ஒரு முறை பார்த்தேன். பிழை இல்லை. 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

முப்பத்தெட்டு வருஷம் அடுத்தவர் பிழையை ஊருக்குத் தெரிகிற மாதிரி வட்டம் போட்டவன், என் பெயரைச் சேர் என்று கேட்பதை மட்டும் எறும்பு அளவு எழுதி மடிப்பில் வைத்தேன். கேட்க வெட்கமாக இருந்தது. நீ பார்க்கவில்லை என்றால் அது உன் பிழை அல்ல. பெரிதாக எழுதியிருக்க வேண்டியவன் நான். பதினேழு வட்டம் போட்ட அன்றைக்கே அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்றும் படித்திருக்க வேண்டும். இதை மாப்பிள்ளையிடம் நீ சொல்ல வேண்டாம், நேரில் நானே சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு ஒன்பது வருஷம் கழித்துப் பத்திரிகை வந்திருக்கிறது. வந்துவிட்டால் போகத்தான் வேண்டும். ஜூன் நாலாம் தேதி காலை ரயிலில் நானும் உன் அம்மாவும் வருகிறோம். இந்தத் தடவை திரும்பிப் போகிற நேரம் எதுவும் குறிக்கவில்லை. நீ வீட்டு வாசலில் நில். நான்தான் வருவேன். என்னைப் பார்க்கிற அவசரத்தில் எதிலும் ஏறித் தொலைக்காதே. பரண்மேல் இருக்கும் இரண்டாம் பக்கங்களைக் கொண்டு வர உன் அம்மா விட மாட்டேன் என்கிறாள். ஒரு வருஷத்து மூட்டை மட்டும் எடுத்து வருகிறேன்.

பலகை விஷயம். என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. மூன்றாவதையும் திருத்தத்தான் பென்சிலை வைத்தேன். வட்டம் போடும் முன் வழக்கம்போல வாக்கியத்தை முழுதாக ஒரு முறை படித்தேன். வண்டி நின்ற பின் இரங்கவும். கை ஓடவில்லை. அதில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று மாப்பிள்ளையிடம் சொல்.

அப்பா